ரசமட்டம் பாஸான டெஸ்ட்

கல் மேடை போடுகிறவர்கள் மத்தியில் அவரை ரசமட்டம் என்றால்தான் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், அப்படி யாரும் இங்கே இல்லையே என்பார்கள். வீடுகளில் சமையலறைக்குக் கல் அறுத்து மேடை போடுவது அவர் தொழில். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, விரல் நீளத்துக்கு, மட்டம் பார்க்கிற ஒரு ரசமட்டம் இருக்கும். டீக்கடையில் போய் உட்கார்ந்தாலும் அதை மேசைமேல் வைத்துப் பார்ப்பார். குமிழி ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றால் அவருக்கு டீ இறங்காது. காகிதத்தை மடித்து மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் டம்ளரை வாயில் வைப்பார். "கல்யாணத்தன்னைக்கு என் தலைமேல வச்சுப் பாக்காம விட்டாரே, அதுவே பெரிசு" என்று அவர் மனைவி சொல்வாள்.

அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஒரு தையல் கடையில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கிற வேலை அவளுக்கு. வாயில் நூலைக் கடித்துக்கொண்டே இருந்து பழகியதால் பேச்சு குறைந்துபோனதோ என்னவோ. வீட்டுக்கு வேண்டிய பேச்சையெல்லாம் அவரே பேசிவிடுவார். சாப்பிடும்போது பேசுவார், சவரம் செய்யும்போது பேசுவார், படியேறும்போது முன்னால் போய்க்கொண்டே தலையைத் திருப்பித் திருப்பிப் பேசுவார். பாதிக்கு மேல் கல்லைப் பற்றித்தான் இருக்கும்.

இரண்டு கல் சேர்கிற இடத்தை ஜாயின்ட் என்பார்கள். ரசமட்டம் போட்ட ஜாயின்ட்டைக் கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் இழுத்துப் பார்த்தால், எங்கே ஒரு கல் முடிந்து எங்கே இன்னொன்று தொடங்குகிறது என்று தெரியாது. வேலை முடிந்ததும் அந்த வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு, "இழுத்துப் பாருங்கம்மா" என்பார். அவசர வேலை இருக்கிறது, அப்புறம் பார்க்கிறேன் என்றால் விடமாட்டார். நகம் வைத்து இழுத்து, ஆமாம் மாட்டவில்லை என்று சொல்லும்வரை சாமான்களை எடுத்து வைக்காமல் நிற்பார்.

அப்படி நகம் மாட்டாமல் வரவேண்டுமென்றால் கல்லின் ஓரத்தைக் கையில் பிடிக்கிற மெஷினால் இழைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் விட்டு இழைத்தால் தூள் எழும்பாது. ஆனால் வீடெல்லாம் சேறாகும். குடிவந்து, திரைச்சீலை மாட்டி, சோபா போட்ட வீட்டில் எந்த அம்மா அதற்குச் சம்மதிப்பாள்? அதனால் உலர்வாகவே இழைப்பார். தூள் வீட்டுக்குள் பரவக்கூடாது என்று கல்லைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கதவின் அடியில் ஈரத்துணியைச் செருகச் சொல்வார். மூக்கில் ஒரு கைக்குட்டை. உள்ளே மெஷின் அலறும். கதவு திறக்கும்போது மாவு ஆலையிலிருந்து வருகிற மாதிரி புருவம், இமை, காதுமடல் எல்லாம் வெளுத்து வருவார். அந்த வீட்டுக் குழந்தைகள் சிரிக்கும். அவரும் சிரிப்பார். ரசமட்டம் வேலை செய்தால் வீட்டில் ஒரு பொட்டுத் தூசி இருக்காது என்று பெயரெடுத்திருந்தார். அந்தப் பெயருக்காகவே அவரைத் தேடி வந்தார்கள்.

பிற்பாடு கல்லைப் பொடியாக்கிப் பசை சேர்த்து அழுத்திச் செய்கிற செயற்கைக் கல் வந்தது. பார்க்க அழகாக இருக்கும், விதவிதமான நிறத்தில் கிடைக்கும். அதன் தூள் இன்னும் மெல்லியது. சட்டையை எத்தனை உதறினாலும் போகாது. அவள் பால்கனியில் நின்று உதறுவாள், கீழ் வீட்டுக்காரர்கள் சத்தம் போடுவார்கள்.

அடுக்குமாடிகள் கட்டுகிற ஒரு கம்பெனியின் வேலைக்கு அவர் போக ஆரம்பித்ததும் அந்த நாட்களில்தான். அங்கே வருஷத்துக்கு ஒரு தரம் வேனில் ஆட்கள் வந்து ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொல்வார்கள். ஊதியது போதவில்லை என்றால் அன்றோடு வேலைக்கு வரவேண்டாம் என்று அர்த்தம். எதற்காக ஊதச் சொல்கிறார்கள் என்று யாரும் விளக்கியதில்லை, இவர்களும் கேட்டதில்லை. கல் ஏற்றிவரும் வண்டியை ஓட்டுகிறவருக்கு நல்ல நெஞ்சு. அவர் மெஷினையே தொட்டதில்லை, வண்டியிலேயே இருப்பவர். வேன்காரர்கள் ஹெல்மெட்டில் ஒட்டியிருக்கிற எண்ணைத்தான் பார்ப்பார்கள், முகத்தைப் பார்ப்பதில்லை. ஆகவே இருமல்காரர்களின் ஹெல்மெட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு அவரே வரிசையில் நின்று ஊதுவார். அன்றிலிருந்து அவருக்குப் பலூன் என்று பெயர். ஒரு வருஷம் ஊதி ஊதித் தலை சுற்றி மணல் குவியலில் உட்கார்ந்துவிட்டாராம். இங்கே எல்லாருக்கும் ஒரே மாதிரி நெஞ்சு என்று வேனில் இருந்தவர் அதிசயப்பட்டாராம். ரசமட்டம் இதை வீட்டில் நடித்துக் காட்டும்போது அவள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். ரசமட்டத்துக்காகப் பலூன் எத்தனை வருஷம் ஊதினார் என்று அப்போது யாரும் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

ரசமட்டத்துக்கு இருமல் வந்தபோது சளிக்கு மருந்து வாங்கிக் குடித்தார். சளி இல்லாத இருமல் அது. வறட்டு இருமல், தொடங்கினால் நிற்காது. பிறகு படியில் நின்று நின்று ஏறினார். தலையைத் திருப்பிப் பேசுவது நின்றது. கை விரல்களின் நுனி உருண்டு நகம் வளைந்துகொண்டு வந்ததை மோதிரத்தைக் கழற்றும்போது அவள்தான் கவனித்தாள். கைபேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிற மகள், இனி இவர் பேச்சைக் கேட்டால் ஆகாது என்று லீவு போட்டு இருவரையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே நெஞ்சு டாக்டர் ஒரு வயதான அம்மா. அவர் ரசமட்டத்தின் முதுகில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு என்ன தோன்றியதோ, குழாயைக் கழற்றி மனைவியின் காதில் மாட்டிவிட்டார். அவர் மூச்சை இழுக்க இழுக்க, உள்ளே ஒட்டுப்பட்டையைப் பிரிக்கிற சத்தம் கேட்டது. குழந்தைகள் சட்டைக்குப் பொத்தானுக்குப் பதில் வைத்துத் தைக்கிறோமே, அந்தப் பட்டை. கடையில் நாளெல்லாம் கேட்கிற சத்தம். அது இப்போது தன் புருஷனின் முதுகுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "கையில காயம் பட்டு ஆறினா தழும்பாகுதில்ல? அந்தத் தோல் இழுத்தா நீளாது. உள்ள அப்படித்தான் ஆயிருக்கு. நுரையீரல் விரிய மாட்டேங்குது" என்றார். தழும்பு போய்விடுமா என்று மகள் கேட்டாள். போகாது, மேலும் பரவாமல் மெதுவாக்கத்தான் மாத்திரை இருக்கிறது, அதுவும் வயிற்றைக் கலக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றார். தூள் இருக்கிற பக்கமே போகக்கூடாது, வீட்டைக்கூடத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும், பீடி சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றோடு சரி, ஜலதோஷக்காரர்களைக் கிட்டே சேர்க்காதீர்கள், தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். இவர் சட்டையை யார் துவைப்பது என்று கேட்டு, அவளையும் ஒரு நெஞ்சுப் படம் எடுக்கச் சொன்னார். நல்லவேளையாக அவள் படத்தில் ஒன்றும் இல்லை.

வேலைக்கு எப்போது போகலாம் என்று ரசமட்டம் கேட்டார்.

"கல் வேலைக்கா? இனிமே இல்லைங்க ஐயா."

சரி என்று தலையாட்டினார். வெளியே வந்து, வண்டியோடு காத்திருந்த பலூனிடம், ஒரு வருஷம் ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். மகள் வாயைத் திறக்கப் போனாள். தாய் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அடுத்த தடவை வரும்போது நடக்கிற டெஸ்ட் ஒன்று இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். விரலில் ஒரு கிளிப்பை மாட்டிவிடுவார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆறு நிமிஷம் முடிந்த வரைக்கும் நடக்க வேண்டும். ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு இருக்கிறது என்று அந்தக் கிளிப் எண்ணாகக் காட்டும். எதற்காக இந்த டெஸ்ட் என்று மூன்று பேரில் ஒருவரும் கேட்கவில்லை. டெஸ்ட் என்றால் எதற்கு என்று கேட்டு அவர்களுக்குப் பழக்கமில்லை. டெஸ்ட் என்றால் பாஸாக வேண்டும், அவ்வளவுதான்.

பலூன் தவித்துப்போனார். ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும் போட்டோ ஒட்டாமல் இருந்திருந்தால் அண்ணனுக்குப் பதிலாக நானே ஓடிக் காட்டியிருப்பேனே என்றார். போட்டோ இருந்ததால் யோசனை மட்டும்தான் சொல்ல முடிந்தது. "மெதுவா போங்கண்ணே. ஓட்டப் பந்தயம் இல்ல. மூச்சு முட்டினா சுவத்துல இருக்கிற போர்டைப் படிக்கிற மாதிரி நில்லுங்க. படிக்கிறவனை யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

அவள் தன் பங்குக்கு ஒரு வாரம் அவரைக் கீழே இறங்கவிடவில்லை. தண்ணீர்க் குடத்தைத் தொடவிடவில்லை. விரல் ஜில்லென்று இருந்தால் கிளிப் சரியாகக் காட்டாது என்று கடையில் யாரோ சொன்னதைக் கேட்டு, காத்திருக்கும்போது அவர் விரல்களைத் தன் உள்ளங்கைக்குள் பொத்திவைத்துக்கொண்டாள். இன்னொன்றையும் அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள். அவரால் நடக்க முடியும், பேச முடியும். இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் உதடு நிறம் மாறுகிறது. அதனால் டெஸ்ட் அன்று காலையிலிருந்து வாயைத் திறக்கக் கூடாது என்று கட்டளை போட்டாள். அவரும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தார்.

பாஸாகிவிட்டார். நிதானமாக நடந்தார். கைகழுவுவது எப்படி என்று படம் போட்ட போர்டு ஒன்று வராந்தாவில் இருந்தது. அதன் முன்னால் நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திரும்பத் திரும்பப் படித்தார். எண் பெரிதாக இறங்கவில்லை. டாக்டரம்மா நெஞ்சுப் படத்தைப் பார்த்தார், டெஸ்ட் தாளைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரையே பார்த்தார். "படம் ஒண்ணு சொல்லுது, நடை ஒண்ணு சொல்லுது. சரி, மூணு மாசம் கழிச்சு இன்னொரு தரம் பாக்கலாம். இப்போதைக்கு வீட்டுக்கு ஆக்ஸிஜன் மெஷின் எழுதல" என்றார். நடுவில் முடியாமல் போனால் உடனே வரவேண்டும் என்றும் சொன்னார். மெஷின் எழுதவில்லை என்பது ஒன்றுதான் அவர்கள் காதில் விழுந்தது. மெஷின் என்பது முடிந்துபோனவர்களுக்கு வைக்கிறது என்று நினைத்திருந்தார்கள்.

வாசலுக்கு வந்ததும் "பாஸ்" என்றார். அதுதான் அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை. பலூன் கேக் வாங்கிவந்தார். கேட்டைப் பிடித்துக்கொண்டு ரசமட்டம் வெகுநேரம் நின்றதை அவள் பார்த்தாள். பார்த்தும், கேக்கைப் பிட்டு அவர் வாயில் வைத்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயிற்று. முதலில் படிக்கட்டு. அப்புறம் பால்கனி. குனிந்து செருப்பு மாட்டுவது. ஒரு நாள் குளியலறையில் சத்தம் நின்றுபோய் வெகுநேரம் ஆனதும் அவள் கதவைத் தள்ளிப் பார்த்தாள். வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். சோப்பு நுரை தலையில் அப்படியே இருந்தது. உதடு அவுரி நீலம். மகள் வாங்கிவந்த விரல் கிளிப் வீட்டில் இருந்தது, ஆனால் அவர் அதை மாட்டிக்கொள்வது நன்றாக ஓய்வெடுத்த பிறகுதான். அவள் ஓடிப்போய் எடுத்துவந்து ஈர விரலைத் துடைத்து மாட்டினாள். அவ்வளவு குறைந்த எண்ணை அவள் அதுவரை அதில் பார்த்ததே இல்லை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மகளும் அவளும் மன்றாடினார்கள். குளித்தால் யாருக்கும் மூச்சு வாங்கும் என்று சொல்லிவிட்டார். கால் வீங்க ஆரம்பித்தது. உட்கார்ந்தே இருப்பதால் வீங்குகிறது என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு ஒருமுறை மூச்சுப் பயிற்சி வகுப்பு நடந்தது. அதற்கு மட்டும் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி ஆட்டோவில் வருவார். சூடான டீயை ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை வெளியே விட வேண்டும், உட்கார்ந்து குளிக்க வேண்டும், வயிறு முட்டச் சாப்பிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுப்பார்கள். உள்ளே கணவர்கள் ஊதிக்கொண்டிருக்கும்போது வெளியே பெஞ்சில் மனைவிகள் உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் ஒரு பெயிண்டரின் மனைவி. அவள் கணவருக்கும் இதே வியாதி. அவர் தோளில் சின்ன சிலிண்டரை மாட்டிக்கொண்டு, மூக்கில் குழாயோடு வருவார். வந்தால் சிரிப்பும் பேச்சுமாக இருப்பார். அது எப்படிக் கிடைத்தது என்று இவள் கேட்டாள்.

ஆஸ்பத்திரியிலேயே கொடுக்கிறார்கள் என்றாள் பெயிண்டர் மனைவி. நடக்கிற டெஸ்ட்டில் அவருக்கு எண் சரிந்துவிட்டதாம், அதனால் எழுதிக்கொடுத்தார்களாம். வீட்டுக்குப் பெரிய மெஷின், வெளியே போக இந்தச் சிலிண்டர். மெஷின் வராமல் இருந்திருந்தால் இந்நேரம் இதயம் கெட்டிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். காற்று போதாதபோது இதயம் அடித்து அடித்துத் தளர்ந்துபோகுமாம், முதலில் கால்தான் வீங்குமாம்.

இவள் பெஞ்சில் நகர்ந்து அவள் பக்கம் திரும்பினாள். "அப்ப அந்த டெஸ்ட்ல பாஸானவங்களுக்கு?" என்றாள்.

"பாஸா? அதுல என்ன பாஸ்?" என்று அந்தப் பெண் இவளை விநோதமாகப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து, அவருக்கு மூச்சிரைப்பு தணியும்வரை காத்திருந்து எல்லாவற்றையும் சொன்னாள். நாளைக்கே போய், இருக்கிறபடி நடந்து காட்டலாம் என்றாள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஃபெயிலாகுறதுக்கு ஒரு மனுஷன் ஆஸ்பத்திரிக்குப் போவானா?" என்றார். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. கம்பெனி சூப்பர்வைசர் பலூனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். ரசமட்டம் தேறி வந்தால் அளவு எடுக்கிற வேலை தரலாம், தூள் இல்லாத வேலை, டேப்பும் பென்சிலும் போதும் என்று. பாஸான தாளை அவர் தலையணைக்கடியில் வைத்திருந்தார். அடுத்த தாளும் வந்ததும் இரண்டையும் கொண்டுபோய்க் காட்டுவதாகத் திட்டம். இதைச் சொல்லி முடிப்பதற்குள் நாலு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார். ஆனாலும் முகத்தில் ஒரு களை இருந்தது. அவள் அதைப் பார்த்து மாதக்கணக்காயிற்று.

மறுநாள் தையல் கடை வாசலில் பலூனைப் பிடித்துக் கேட்டாள். அவர் வண்டிச் சாவியைத் திருகிக்கொண்டே நின்றார். "சொன்னது நிஜம்தான் அண்ணி. ஆனா நோயாளியைப் பத்தி விசாரிச்சுட்டுப் போறப்ப சொல்ற மாதிரி சொன்னாரு. அந்த இடத்துக்கு ஆள் போட்டு எவ்வளவோ நாளாச்சு. அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றது?" என்றார். அவளுக்கும் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சொல்லவில்லை.

இரண்டாவது டெஸ்ட்டுக்கு அவர் தானாகவே காலையிலிருந்து வாயை மூடிக்கொண்டார். இந்தத் தடவை அவள் அவர் விரல்களைப் பொத்தவில்லை. அவரே தன் அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டார். டெஸ்ட் எடுக்கிற நீலக் கோட்டுப் பெண்ணை அவள் தனியாகக் கூப்பிட்டு, இவர் ஏமாற்றுவார், போன தடவையும் ஏமாற்றினார், நானும் கூட இருந்துதான் செய்தேன் என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு மகள் வயது இருக்கும். நம்பாமல் சிரித்தாள். "எங்களை ஏமாத்தி அவருக்கு என்னம்மா லாபம்? முடிஞ்ச வரைக்கும் நடங்கன்னுதான் நான் சொல்ல முடியும். அவர் நடக்கிறதைத்தான் எழுத முடியும்."

ரசமட்டம் நடந்தார். வராந்தாவின் ஒரு கோடியில் பெண் நின்றாள், மறு கோடியில், அவர் திரும்ப வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில், பெஞ்சில் இவள் உட்கார்ந்திருந்தாள். கால் வீக்கத்தில் செருப்பு வார் பதிந்திருந்தது. கைகழுவுகிற போர்டைப் படித்தார். மூச்சை உதடு குவித்து விட்டார். வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை இதற்குத்தான் கற்றுக்கொண்டாரா என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. எண் இறங்கவில்லை போலிருக்கிறது. அந்தப் பெண் கையில் இருந்த கருவியைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் கிட்டே வந்து திரும்பும்போது அவள் மெல்லச் சொன்னாள், "அந்த டீச்சர் வீட்டு ஜாயின்ட் விரிஞ்சிடுச்சாம்."

அவர் திரும்பி நடந்தார். காதில் விழாத மாதிரி நடந்தார். பாதி வராந்தா போனதும் தோள் ஒரு தரம் குலுங்கியது. அந்தக் கோடியில் வழக்கம்போல நிற்கவில்லை, போர்டைப் படிக்கவில்லை. வேகமாகத் திரும்பி வந்தார்.

"எந்த டீச்சர்?"

"நாலாவது மாடி. வெள்ளைக் கல்லு. நகம் மாட்டுதாம்."

"மாட்டாது."

"மாட்டுதுன்னு சொல்றாங்க. கத்தியே நுழையுதாம்."

ஐயா பேசாதீங்க, அம்மா நீங்களும் பேசாதீங்க என்று பெண் குரல் கொடுத்தாள். அவர் காதில் வாங்கவில்லை. அங்கேயே நின்று, போக வேண்டிய பக்கம் போகாமல், இவள் முகத்துக்கு நேராகக் கையை ஆட்டி ஆட்டிப் பேச ஆரம்பித்தார். "அந்தக் கல்லு... நானே இழைச்சது. பசை போட்டு... கிளாம்ப் மாட்டி... காய விட்டு... அடுத்த நாள் போய்... மறுபடி... யாரு சொன்னா... யாரு..." வாயைப் பிடுங்கியாயிற்று. இனி நிறுத்த அவளாலும் ஆகாது. உதடு வெளுத்தது, அப்புறம் கறுத்தது. பெண் கையிலிருந்த கருவி கூவியது. அந்தப் பெண் நாற்காலியை இழுத்துக்கொண்டு ஓடிவந்து அவர் முழங்காலுக்குப் பின்னால் தள்ளினாள். வேலைக்குப் போன வீட்டில் ஒரு நாளும் உட்காராத மனுஷன், மடங்கி அதில் விழுந்தார்.

கொஞ்சம் மூச்சு வந்ததும் முதலில் விரலில் இருந்த கிளிப்பைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். அவள் முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

டாக்டரம்மா அந்த எண்ணோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஓய்வெடுக்க வைத்து, மணிக்கட்டிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்தார். ரத்தத்திலும் பிராணவாயு குறைவாகத்தான் இருந்தது. வீங்கிய காலை விரலால் அழுத்தினார், குழி விழுந்தது, வெகுநேரம் எழும்பவில்லை. இவ்வளவு நாள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று மட்டும் கேட்டார். நீர் இறங்க மாத்திரை எழுதினார். மெஷின் எழுதினார். நாளின் பெரும்பகுதி போட்டிருக்க வேண்டும், அடுப்புப் பக்கம் கொண்டுபோகக் கூடாது, அந்த வீட்டில் யாரும் புகைபிடிக்கக் கூடாது என்றார். இது தழும்பை ஆற்றாது, இதயத்துக்கு ஒரு கைத்தாங்கல், அவ்வளவுதான் என்று ஒளிக்காமல் சொன்னார்.

அன்று சாயங்காலமே ரசமட்டம் பலூனை டீச்சர் வீட்டுக்கு அனுப்பினார். பலூன் திரும்பி வந்து, நன்றாக இழுத்துப் பார்த்தேன், நகம் மாட்டவில்லை, டீச்சரம்மா உங்களை ரொம்ப விசாரித்தார்கள் என்றார். ரசமட்டம் சரி என்று தலையாட்டினார். அவள் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மெஷின் வந்தது. ஒரு சின்ன அலமாரி உயரம். ஓயாமல் உறுமும். டிவி சத்தத்தைக் கூட்டி வைக்க வேண்டியிருந்தது. குழாய் கூடம், படுக்கையறை, குளியலறைவரை எட்டியது. சமையலறைக்கு எட்டாதபடி மகள் சுவரில் கொக்கி அடித்து நிறுத்திவைத்தாள். சில வாரங்களில் கால் வீக்கம் வற்றியது. உதட்டில் நிறம் வந்தது. ஜன்னல்வரை நடந்துபோய்க் கீழே வருகிற வண்டிகளைப் பார்த்தார். பலூன் வந்தால் இரண்டு வார்த்தை பேசுவார், நிறுத்துவார், இரண்டு வார்த்தை பேசுவார். அளவு எடுக்கிற வேலையைப் பற்றி இருவரும் பேசவில்லை. மகளிடம் செய்தி கேட்பார். தலையணைக்கடியில் இருந்த தாளை அவரே கிழித்துக் குப்பையில் போட்டிருந்தார்.

மனைவியிடம் மட்டும் பேசவில்லை. கேட்டதற்குத் தலையாட்டுவார். தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டுவார். மாத்திரையைக் கையில் வைத்தால் போட்டுக்கொள்வார். முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை, முறைப்பதும் இல்லை. சண்டை என்றால் சண்டை என்று தெரிந்துவிடும், பழைய காலத்தில் அவருடைய சண்டையே அரைமணி நேரப் பேச்சு. இது என்ன என்றுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. கூடியவரை பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள், மூச்சை மிச்சம் பிடியுங்கள் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மிச்சம் பிடிக்கிறவர் முதலில் எங்கே பிடிப்பார்? சொல்லாமலே புரிந்துகொள்கிறவளிடம்தானே பிடிப்பார்? சில நாள் இப்படி நினைத்து மனசைத் தேற்றிக்கொண்டாள். சில நாள், பலூனிடம் செலவழிக்க மூச்சு இருக்கிறதே என்று தோன்றும். கடையில் கூட வேலை செய்கிறவர்கள், வீட்டுக்காரர் இப்போ நல்லாப் பேசறாரா என்று கேட்டால், வாயில் இருக்கிற நூலை எடுக்காமலே ம் என்பாள்.

குளிக்க வைப்பது அவள்தான். முக்காலியில் உட்காரவைத்து, மூக்குக்குப் போகிற குழாயைக் கதவுக் கைப்பிடியில் சுற்றிவிட்டு, மிதமான வெந்நீரை மெல்ல மெல்ல ஊற்றுவாள். ஒரு காலையில் முதுகுக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போது கை நின்றது. உள்ளங்கைக்கு அடியில் அந்த ஒட்டுப்பட்டை பிரிவது அவளுக்குத் தெரிந்தது, அல்லது தெரிந்த மாதிரி இருந்தது.

"அன்னைக்கு நான் சொன்னது பொய்ங்க" என்றாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உதட்டைக் குவித்தார். மூச்சு நீளமாக, டீயை ஊதுகிற மாதிரி, நிதானமாக வெளியே போயிற்று. அது முடிந்ததும் ஏதாவது வரும் என்று அவள் சோப்புக் கையோடு நின்றாள். இன்னொரு மூச்சை இழுத்தார். அதையும் அப்படியே நீளமாக விட்டார். கூடத்தில் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. நுரை முதுகில் காயத் தொடங்கியது. குளிரெடுத்துவிடுமே என்று அவள் அடுத்த சொம்பை மொண்டு ஊற்றினாள்.